எட்டாம் வகுப்பு இரண்டு முறை: விளையாட்டுக்காகப் பிள்ளையை ஒரு வருடம் நிறுத்தி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறோம். அதில் ஐந்து வருடம், வார இறுதிகளில் சிறுவர் கூடைப்பந்து அணி ஒன்றுக்குச் சம்பளமில்லாப் பயிற்சியாளனாக இருந்தேன். ஜனவரி பிறந்துவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது ஆட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். “ஒரு விஷயம் கேக்கணும். பையனை ஒரு வருஷம் ஹோல்ட் பண்ணலாமான்னு யோசிக்கிறோம்...” ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். பார்க்கிங்கில் நின்றபடி சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்காக மட்டும் பிள்ளையை நிறுத்தி வைப்பது தவறு என்று நினைக்கிறேன். அப்படிச் செய்த பெற்றோர் மீது எனக்குக் கோபம் இல்லை. நானே அதன் வாசல்வரை போய்த் திரும்பியவன்.

‘ஹோல்ட் பேக்’ என்றால் பையன் ஃபெயில் ஆகிவிட்டான் என்று அர்த்தமா?

இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பெற்றோரே விரும்பி அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைப்பதுதான் இது. பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் நடக்கும். அரசுப் பள்ளியில் எட்டு முடித்தவனை ஒரு தனியார் பள்ளியில் மறுபடியும் எட்டில் சேர்ப்பார்கள். அதற்கடுத்த வருடம் ஹைஸ்கூல். கூடைப்பந்து, அமெரிக்க ஃபுட்பால், லக்ராஸ், பேஸ்பால் ஆடும் வீடுகளில் இதற்கு ‘ரீகிளாஸ்’ என்றும் பெயர் உண்டு.

அதென்ன எட்டாம் வகுப்புக் கணக்கு?

ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அன்றிலிருந்து தொடர்ச்சியாக நான்கு வருடம்தான் பள்ளி அணியில் ஆட முடியும். நடுவில் எந்த வகுப்பைத் திரும்பப் படித்தாலும் அந்த நான்கு வருடம் நீளாது. கடிகாரம் ஓடுவதற்கு முன் நிறுத்தினால்தான் லாபம், அதற்குக் கடைசி வாய்ப்பு எட்டு. பதினெட்டு வயதில், நெஞ்சும் தோளும் நிறைந்து வரும் காலத்தில், கல்லூரிப் பயிற்சியாளர்கள் கண்ணில் படும் அந்தக் கடைசி சீசன்தான் குறி.

கிண்டர்கார்டனுக்கே ஒரு வருடம் தாமதமாக அனுப்புகிறார்களே, அதுவும் இதுதானா?

அது இதற்கு அண்ணன் முறை. அதற்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். கல்லூரி ஃபுட்பாலிலிருந்து வந்த சொல். 1937-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற வீரர், இந்த வருடம் பயிற்சி மட்டும் எடுக்கிறேன், ஆட்டத்தில் இறங்கவில்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். எண் இல்லாத சிவப்புச் சட்டையோடு பயிற்சிக்கு வந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கல்லூரிகளில் அது முறையான ஏற்பாடாகவே ஆனது.

ஐந்து வயதில் நிறுத்துவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. கோடையில் பிறந்த ஆண் பிள்ளைகளும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும்தான் இதில் அதிகம். இன்னொரு வருடக் குழந்தைக் காப்பகச் செலவைத் தாங்க முடிகிறவர்களால்தானே நிறுத்த முடியும்?

நம் தமிழ்க் குடும்பங்களில் இதுவரை காற்று எதிர்ப்பக்கம்தான் வீசியது. பிள்ளை ஒரு வகுப்பு தாண்டிப் போக முடியுமா என்றுதான் கேட்பார்கள். மட்டையும் பந்தும் ஸ்காலர்ஷிப்பாக மாறும் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் நிறுத்துகிற பேச்சு நம் வீடுகளுக்குள்ளும் வந்திருக்கிறது.

ஒரே ஒரு வருடத்தில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாத காலத்தில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். எட்டினால் சேர்க்கை. எட்டாவிட்டால் “அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.” என் அப்பா அப்படி ஒரு வருடம் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அந்தச் சோதனை கேட்டது காலண்டர் வயதை அல்ல, உடம்பின் வயதை. இரண்டும் வேறு வேறு.

ஆறு வயதில் இந்த இரண்டு வயதுகளுக்கும் இடைவெளி குறைவு. பதின்மூன்று பதினான்கில் அது விரிந்து கிடக்கும். சராசரியாகப் பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். ஆனால் அது சராசரிதான். ஒருவனுக்கு பன்னிரண்டிலேயே குரல் உடைந்துவிடும், அடுத்தவனுக்கு பதினாறில்தான் மீசை அரும்பும். ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களை அருகருகே நிற்க வைத்தால், உடம்பின் வயதில் நான்கைந்து வருட வித்தியாசம்கூட இருக்கலாம்.

இப்படிப்பட்ட இரண்டு பேரை மைதானத்தில் எதிரெதிரே பார்த்தவர்களுக்குத்தான் இது உறைக்கும். என் மகன் ஏழாம் வகுப்பில் 147 சென்டிமீட்டர் இருந்தான். ஒரு சனிக்கிழமை அவனுக்கு எதிரே ஆடியவனுக்குக் கெண்டைக்கால் முழுக்க ரோமம், தாடையில் நிழல். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது இருவரும் எழும்புவார்கள். என் மகனின் விரல் நுனி, அந்தப் பையனின் முழங்கை உயரத்தைத்தான் தொட்டது. பத்து முறை எழும்பினான், பத்து முறையும் அதேதான். பதினோராவது முறை எழும்பவில்லை, நின்று பார்த்தான். பயிற்சியாளனாக நான் “ஜம்ப்! ஜம்ப்!” என்று கத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எதிரே நின்றவன் நிறுத்தி வைக்கப்பட்டவனா, இயல்பாகவே சீக்கிரம் வளர்ந்தவனா என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் வளர்வது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் சீக்கிரம் வளர்ந்த ஒருவனை அதற்கு மேலும் ஒரு வருடம் நிறுத்தி வைத்துக் கீழ்வகுப்புப் பையனுக்கு எதிரே விட்டால் என்ன ஆகும்? கூடைப்பந்தில் மனம் உடையும். உடம்போடு உடம்பு மோதும் ஃபுட்பாலில் எலும்பே உடையலாம், தலையில் அடிபடலாம். அதனால்தான் போப் வார்னர் போன்ற சிறுவர் ஃபுட்பால் அமைப்புகள் வயதோடு எடையையும் சேர்த்துப் பிரிவு பிரிக்கும் முறையை வைத்திருந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிள்ளைகளின் ரக்பியில் எடைப் பிரிவுகள் உண்டு.

பிறந்த மாதம்கூட முக்கியம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா உளவியலாளர் 1980-களில் ஒரு ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். வீரர்களின் விவரம் அச்சடித்த தாளைப் புரட்டிய அவர் மனைவிதான் முதலில் கவனித்தார்: பிறந்த தேதிகள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தன. பிறகு அவர்கள் எண்ணிப் பார்த்து 1985-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உயர்நிலை ஜூனியர் லீகுகளில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தார்கள்.

காரணம் எளிமையானது. கனடா ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய இடைவெளி. ஜனவரிப் பிள்ளை கொஞ்சம் உயரமாக இருப்பான், நல்ல அணிக்குத் தேர்வாவான், நல்ல பயிற்சி கிடைக்கும், ஆடும் நேரம் கூடும். இரண்டு மூன்று வருடத்தில் அவன் நிஜமாகவே நன்றாக ஆட ஆரம்பித்துவிடுவான். தேர்ந்தெடுத்தவர்கள் “பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்” என்பார்கள்.

தேதியை மாற்றினால் தீர்ந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பார்கள். பெல்ஜியத்தில் கால்பந்து வயதுக் கணக்கை 1997-இல் ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் நிறைந்திருந்த இளையோர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி பிள்ளைகள் நிறைய ஆரம்பித்தார்கள். வெர்னர் ஹெல்சன் குழுவினர் அதை ஆய்ந்து 2000-இல் எழுதினார்கள். பிள்ளைகளின் திறமை ஒரே வருடத்தில் மாதம் விட்டு மாதம் குடிபெயராது. பெரியவர்கள் கோட்டை எங்கே போடுகிறார்களோ, அதற்கு அடுத்து நிற்கும் பிள்ளை கெட்டிக்காரனாகத் தெரிகிறான்.

அப்படியானால் நிறுத்தி வைப்பதுதானே புத்திசாலித்தனம்? செயற்கையாக ஜனவரிப் பிள்ளை ஆக்கிவிடலாமே?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நானும் நின்றேன்.

குறுகிய கால லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு அணித் தேர்வில் பெயர் வரும். ஆனால் அந்த ஒரு வருடம் கொடுத்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். உயரம், எடை, வேகம். மூன்றும் அடுத்த வருடம் தானாகவே வரப்போகிறவை. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவதும், தலையைத் திருப்பாமல் சக ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்று அறிவதும் அந்த ஒரு வருடத்தில் தானாக வராது. இன்னும் சொன்னால், தன்னைவிடச் சின்னவர்களோடு ஆடும் பெரிய பையனுக்கு அதைக் கற்கும் தேவையே இல்லாமல் போகிறது. தோளால் இடித்து உள்ளே நுழைந்துவிட முடிகிறவன் எதற்காகக் காலை மாற்றி வைத்து ஏமாற்றக் கற்றுக்கொள்வான்? பதினேழு வயதில் எல்லோரும் வளர்ந்து முடித்தபிறகு அவனிடம் பாக்கி எதுவும் இருக்காது. அப்படித் தடுமாறிய இருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீகான என்ஹெச்எல்-லில், அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக இளம் வீரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வில் தேர்வானவர்களைப் பற்றி ராபர்ட் டீனர் குழுவினர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் தகுதிக்குரிய இடத்தைவிடப் பின்தள்ளியே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். அதே இடத்தில் தேர்வான முதல் காலாண்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்கள்தான் பிறகு நன்றாக ஆடினார்கள். சின்னவனாக இருந்துகொண்டே பெரியவர்களிடம் தாக்குப்பிடித்தவன் அதற்காகவே சில வித்தைகளைக் கற்றிருக்கிறான்.

1978-இல் வட கரோலைனாவின் வில்மிங்டனில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளியின் முதல்நிலை அணியில் தேர்வாகவில்லை. அவன் வகுப்பிலிருந்து தேர்வானவன் அவனைவிட நன்றாக உயரமானவன், அணிக்கு உயரம் தேவைப்பட்டது. தேர்வாகாதவன் மைக்கேல் ஜோர்டான். அவன் இரண்டாம்நிலை அணியில் ஆடினான், அடுத்த வருடம் வளர்ந்தான். அன்று ஆடுவதற்கு ஒரு இரண்டாம்நிலை அணி இருந்தது என்பதைத்தான் இந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்கிறேன். பல கிளப்புகளில் இன்று அது இல்லை. தேர்வாகாதவன் வீட்டுக்குப் போகிறான்.

எல்லோரும் செய்கிறார்கள். நாம் மட்டும் செய்யாவிட்டால் நம் பிள்ளைதானே நஷ்டப்படுவான்?

திரையரங்கில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவரும் எழுந்துதான் ஆகவேண்டும். கடைசியில் எல்லோரும் நின்றுகொண்டே படம் பார்ப்போம், யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரியாது. கால் மட்டும் வலிக்கும். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுக்கப் போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை. ஓர் அணியில் பன்னிரண்டு இடம் என்றால், நிறுத்தி வைக்கப்பட்டவன் உட்காரும் இடத்தில் வயதுக்குச் சரியாக வந்தவன் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் ஒரு வருடக் கட்டணம் பல்லாயிரம் டாலர். அதைக் கட்ட முடியாதவரின் பிள்ளையாகத்தான் அவன் பெரும்பாலும் இருப்பான்.

விதிகள் இதைத் தடுக்கவில்லையா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் விதியைச் சொல்கிறேன். இங்கே அரசுப் பள்ளி விளையாட்டுகளை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் விளையாட்டுக்காக ஒரு வருடம் நிறுத்தப்பட்ட மாணவன், ஹைஸ்கூலில் நான்காவது வருடம் ஆட முடியாது. எந்த வருடத்துக்காக நிறுத்தினார்களோ அந்த வருடமே போய்விடும். படிக்கும்போது கடுமையாகத் தெரியும். ஆனால் ‘விளையாட்டுக்காக’ என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. படிப்புக்காக நிறுத்தினோம், மனமுதிர்ச்சிக்காக நிறுத்தினோம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால், உள்ளே புகுந்து பார்ப்பது யாராலும் எளிதல்ல.

வயது வரம்பும் உண்டு. செப்டம்பர் 1 அன்று 19 நிரம்பியிருந்தால் ஆட முடியாது. ஒரு முறை நிறுத்தப்பட்டவர்கள் இதில் பொதுவாகச் சிக்குவதில்லை. கிண்டர்கார்டனில் ஒரு முறை, எட்டாவதில் ஒரு முறை என்று இரண்டு தடவை நிறுத்தப்பட்ட கோடைப் பிறப்புகள்தான் கடைசி வருடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கணக்கைப் போடாமலே பணம் கட்டிவிட்டுப் பிறகு தவித்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்குமே?

பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்களில் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். அவர்களிலும் முழு ஸ்காலர்ஷிப் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர். நிறுத்தி வைக்கும் வருடத்துக்கான கட்டணம், தனிப் பயிற்சி, வெளியூர்ப் போட்டிகளின் விமானச் செலவு, ஹோட்டல் எல்லாவற்றையும் கூட்டிக் கல்லூரிச் சேமிப்பில் போட்டால் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரு வகுப்பு மேலே ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். அதற்கும் ரீகிளாஸ் என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர்த் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான டல்லாஸ் மேவரிக்ஸ், 2025-இன் புதிய வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுத்த கூப்பர் ஃபிளாக் 2006 டிசம்பர் 21-இல் பிறந்தவர். 2025-இல் முடிக்க வேண்டிய ஹைஸ்கூலை 2024-லேயே முடித்து, 17 வயதில் டியூக் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அவர் விதிவிலக்கான ஆட்டக்காரர், எல்லோருக்கும் வழிகாட்டியாக அவரைக் காட்ட மாட்டேன். தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடி வளர்ந்தவர் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா?

அவ்வளவாக இல்லை. பிறந்த மாதத்தின் தாக்கம் பெண்கள் விளையாட்டில் பொதுவாகக் குறைவு. ஜிம்னாஸ்டிக்ஸில் கதையே தலைகீழ். அங்கே சின்ன உடம்புக்குத்தான் மதிப்பு, ஆகவே மோசடியும் வயதைக் கூட்டிக் காட்டுவதாக இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் சீன மகளிர் அணி வாங்கிய வெண்கலம், ஒரு வீராங்கனைக்குக் குறைந்தபட்ச வயது ஆகவில்லை என்று தெரிந்து 2010-இல் பறிக்கப்பட்டது.

நம் ஊரில் வயதைக் குறைத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதானே?

சட்டப்படி ஒன்றல்ல. அங்கே பொய்ச் சான்றிதழ். இங்கே சான்றிதழ் உண்மை, வகுப்புதான் நகர்த்தப்படுகிறது. 2001-இல் லிட்டில் லீக் பேஸ்பாலில் 12 வயது என்று ஆடிய டேனி அல்மான்டேவுக்கு உண்மையில் 14 என்று தெரிந்து அந்த அணியின் வெற்றிகளை நீக்கினார்கள். அது மோசடி. எட்டாவதை இரண்டு முறை படிப்பது மோசடி அல்ல.

ஆனால் மைதானத்தில் எதிரே நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

நம் அப்பாக்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள், பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதியது. அதில் வஞ்சகம் இல்லை. விளையாட்டுக்காகவே தேதியை மாற்றும் பழக்கம் வந்தபிறகுதான் அது நோயானது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012 முதல் இளையோர் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் டிடபிள்யூ3 முறையைக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இந்த வயது மோசடியைக் கடுமையாகச் சாடினார். வயதை மறைத்தவன் ஜெயிப்பது திறமையால் அல்ல, உடம்பு பெரிதாக இருப்பதால்தான். நேர்மையான பையன் ஒருவன் தன் இடத்தை அவனிடம் இழக்கிறான் என்பது அவர் வாதம். அப்போது அவர் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர். மறுவருடமே, ஒருவர் ஒரே ஒரு இளையோர் உலகக் கோப்பையில்தான் ஆடலாம் என்று வாரியம் விதி கொண்டுவந்தது.

பள்ளி வருடத்தில் கை வைக்காமல் இதைச் சரிசெய்ய வழியே இல்லையா?

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் செய்து பார்த்தது. 2015 வாக்கில் பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள், பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் துணையோடு, பிள்ளைகளைப் பிறந்த வருடத்தால் பிரிக்காமல் உடல் முதிர்ச்சியால் பிரித்து ஒரு போட்டி நடத்தின. பிள்ளையின் உயரம், எடை, பெற்றோரின் உயரம் இவற்றை வைத்து வளர்ந்தபின் எவ்வளவு இருப்பான் என்று கணிப்பார்கள். அந்த உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை எட்டியவர்கள் எல்லாம் ஒரே பிரிவு. சீக்கிரம் வளர்ந்தவர்கள், இடித்துத் தள்ள முடியாததால் யோசித்து ஆட வேண்டியிருந்தது என்றார்கள். தாமதமாக வளர்கிறவர்களுக்கு முதல்முறையாக ஆட்டத்தை நடத்திப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

இன்னொன்றுக்குப் பைசா செலவில்லை. 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தேர்வாளர்கள் பார்த்த ஆட்டத்தில் பிள்ளைகளுக்கு வயது வரிசைப்படி சட்டை எண் கொடுத்தார்கள். எண்ணைப் பார்த்தாலே யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரியும். மூத்தவர்களையே பொறுக்கி எடுக்கும் சாய்வு மறைந்தது. வெறுமனே பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோது மறையவில்லை. நான் எங்கள் சின்ன அணியில் இதைச் செய்தேன். 1-ஆம் எண் மூத்தவன், 11-ஆம் எண் கடைக்குட்டி. 11-ஆம் எண்காரன் பந்தைத் தவறவிட்டபோது நான் கத்துவது குறைந்தது. அதுவே எனக்குப் போதுமான பலன்.

பெல்ஜியம் கால்பந்துச் சங்கம், தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய இளையோர் அளவில் தனி அணி வைத்திருக்கிறது. ஒரு கோடிச் சொச்சம் மக்கள்தொகை உள்ள நாடு ஒரு பிள்ளையையும் வீணாக்க முடியாது என்று அதைச் செய்கிறது.

பையன் படிப்பிலும் பின்தங்கியிருக்கிறான். அப்போதும் நிறுத்தக்கூடாதா?

அது வேறு கேள்வி, இதோடு கலக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்தவன், நீண்ட நாள் நோயில் கிடந்தவன், மொழி தெரியாமல் நாடு மாறி வந்தவன், படிப்பதில் குறைபாடு உள்ளவன் ஆகியோருக்கு ஒரு வருடம் உதவலாம். ஆசிரியரோடும் மருத்துவரோடும் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு சோதனை: விளையாட்டே இல்லாத உலகத்திலும் இதே முடிவை எடுப்பீர்களா? ஆம் என்றால் தயங்க வேண்டாம்.

என் பையன் சின்னதாக இருக்கிறான், தேர்வாகவில்லை. இப்போது என்ன செய்வது?

அவன் ஆடிக்கொண்டே இருக்க ஓர் இடம் கண்டுபிடியுங்கள். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காருவதைவிடச் சின்ன லீகில் முழு நேரம் ஆடுவது நல்லது. வருடம் முழுக்க ஒரே விளையாட்டு வேண்டாம். வேகமாக உயரும் மாதங்களில் குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலிக்கிறது என்றால் “சோம்பேறி” என்று சொல்லாதீர்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காமல் இழுப்பதால் வரும் வலி அது. ஓய்வு வேண்டும், குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த மாதங்களில் கை கால் தன்வசம் இல்லாததுபோல் தடுமாறுவான். போன வருடம் போட்ட கூடைகளை இந்த வருடம் தவறவிடுவான். அது பொதுவாகச் சரியாகிவிடும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்?

என் மகன் 2008 ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவன். டெக்சாஸில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து முடிந்தால் கிண்டர்கார்டன். சில நாட்கள் தள்ளிப் பிறந்திருந்தால் வகுப்பிலேயே மூத்தவனாக இருந்திருப்பான். இப்போது கடைக்குட்டி. எட்டாம் வகுப்புக் குளிர்காலத்தில் ஒரு தனிப் பயிற்சியாளர், “இவனுக்குக் கை நல்லா இருக்கு, உடம்புதான் இல்ல, ஒரு வருஷம் வாங்கிக் குடுங்க” என்றார். வாங்கிக் கொடுங்கள் என்ற அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். கட்டணம் கட்டும் பக்கம்வரை வந்தபிறகுதான் மகனிடம் சொன்னேன், சந்தோஷப்படுவான் என்று நினைத்து.

சமையலறை மேடையில் உட்கார்ந்து கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான். “நான் ஏதாவது தப்புப் பண்ணேனா அப்பா?” என்றான்.

அவனுக்குத் தெரிந்த உலகத்தில் வகுப்பைத் திரும்பப் படிப்பது தண்டனைக்குத்தான். எத்தனை விளக்கம் சொன்னாலும், இப்போது இருக்கிற நீ போதவில்லை என்பதுதான் அவன் காதில் விழும் என்று அப்போது புரிந்தது. என் மனைவி மடிக்கணினியை மூடினாள். நான் திறக்கவில்லை.

ஒன்பதாவதில் அவன் தேர்வாகவில்லை. பத்தாவதில் இரண்டாம்நிலை அணி, அதற்குள் 12 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். இப்போது பன்னிரண்டாவது. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் போல ஆடுகிறான். கல்லூரியில் ஆடும் அளவுக்கு இல்லை, அது அவனுக்கும் தெரியும். நிறுத்தியிருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்திருப்பானோ என்று எப்போதாவது தோன்றும். தோன்றுவதை மறைக்கவில்லை.

2026-இலிருந்து கிளப் கால்பந்தில் வயதுக் கணக்கு மாறுகிறதே, எங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும்?

2025–26 சீசன் வரை ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரு பிரிவு. 2026–27 சீசனிலிருந்து பெரும்பாலான அமெரிக்கச் சிறுவர் கால்பந்து அமைப்புகளில் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி வகுப்போடு அணி ஒத்துப்போக வேண்டும் என்பது நோக்கம். பழைய முறையில் அணித் தோழர்கள் எல்லாம் ஹைஸ்கூல் போய்விட, ஒரு வகுப்பு கீழே இருக்கும் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள் அணியில்லாமல் நின்றார்கள். அவர்களுக்கு இது நல்ல செய்தி.

டெக்சாஸில் ஆகஸ்ட் மாதப் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பள்ளிக் கோடு செப்டம்பர் 1, கால்பந்துக் கோடு ஆகஸ்ட் 1. வகுப்பில் எல்லோருக்கும் இளையவனாக இருக்கும் உங்கள் பிள்ளை, கால்பந்துப் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவனாகிறான். உதாரணமாக, 2015 ஆகஸ்டில் பிறந்தவன் 2026–27-இல் ஆறாம் வகுப்பு படிப்பான், ஆனால் அவன் பிரிவில் மற்றவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பாக இருப்பார்கள். நண்பர்களோடுதான் ஆட வேண்டும் என்று அவன் விரும்பினால் ஒரு பிரிவு மேலே ஆட அனுமதி கேட்கலாம், கிளப்புகள் பொதுவாகத் தரும். தேர்வு நாளுக்கு முன்பே பயிற்சியாளரிடம் பேசிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துப் போங்கள். போகும் முன் பிள்ளையிடம் எந்த அணி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.